ஆரூட மந்திரவாதி: காலையில் விழும் இரண்டு எண்களை வைத்து ஒரு நாளை நடத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: "நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆட ஆரம்பித்திருக்கிறேன். என் பாத்திரம் மந்திரவாதி. இரண்டாம் லெவலில் ஒரு மந்திரப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் டிவினேஷன் (ஆரூடம்) எடு என்கிறார்கள். படித்துப் பார்த்தால் நாளுக்கு இரண்டு பகடை எண், அவ்வளவுதான். காலையில் 9, 13 என்று விழுந்தால் அதை வைத்து என்ன செய்ய முடியும்? நெருப்பு வீசும் எவோகேஷனை விட இது எப்படி மேல்?"

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரனாக இந்தப் பிரிவை நிறைய ஆடியிருக்கிறேன், டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவராக) எதிர்ப்பக்கம் உட்கார்ந்தும் சமாளித்திருக்கிறேன். ஐந்தாம் பதிப்பு மந்திரவாதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் "நாளுக்கு இரண்டு எண்" என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மீதிப் பாதி ஆறாம் லெவலில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பிரிவு பிடிபடும்.

முதலில் எவோகேஷன் கவலையைத் தீர்த்துவிடுவோம். ஐந்தாம் பதிப்பில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுப்பதால் மற்றப் பிரிவுகளின் ஸ்பெல்கள் (மந்திரங்கள்) கைவிட்டுப் போவதில்லை. ஆரூடக்காரரும் ஃபயர்பால் கற்கலாம், அதே 8 ஆறுமுகப் பகடை சேதம்தான். நண்பர்கள் மேல் படாமல் நெருப்பை வளைத்து விடுவது போன்ற எவோகேஷன் பிரிவின் சிறப்புத் திறமைகள் மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்காது. முன்பு இப்படி இல்லை. 3.5 பதிப்பில் ஒரு பிரிவில் சிறப்புத் தேர்ச்சி வேண்டுமென்றால் வேறு இரண்டு பிரிவுகளை அடியோடு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆரூடக்காரர் மட்டும் ஒன்றை விட்டால் போதும். அதேபோல எந்த மந்திரவாதியும் ஆரூடப் பிரிவைத் துறக்க முடியாது. எல்லோருக்கும் தேவையான பிரிவு, ஆனால் அதில் மட்டும் தேர்ச்சி பெறுவதால் பெரிய லாபம் இல்லை என்றுதான் அன்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2014-இல் ஐந்தாம் பதிப்போடு வந்த போர்ட்டென்ட், அதாவது நீங்கள் கேட்ட அந்த இரண்டு எண் விதி, அந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிவிட்டது.

விதி இதுதான். நீண்ட ஓய்வு முடிந்ததும் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, வந்த எண்களை எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். அன்று முழுக்க, நீங்களோ உங்கள் கண்ணுக்குத் தெரியும் வேறு எந்த உயிரோ தாக்குதலுக்கோ, சேவிங் த்ரோவுக்கோ (ஸ்பெல் போன்ற ஆபத்திலிருந்து தப்பிக்க உருட்டுவது, சுருக்கமாகச் சேவ்), திறன் சோதனைக்கோ பகடை உருட்டப் போகும்போது, அந்த உருட்டலுக்குப் பதிலாக உங்கள் எண்களில் ஒன்றை வைத்துவிடலாம். உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு டர்னுக்கு, அதாவது சண்டையில் ஒருவர் ஆடும் வாய்ப்புக்கு, ஒரு முறைதான். பயன்படுத்திய எண் போய்விடும். பயன்படுத்தாத எண்ணும் அடுத்த நீண்ட ஓய்வோடு போய்விடும்.

இதில் எழுதியிருப்பதைப் போலவே எழுதாமல் விட்டிருப்பதும் முக்கியம். ஆக்‌ஷன் தேவையில்லை, ரியாக்‌ஷன் தேவையில்லை, ஸ்லாட் (ஸ்பெல் போட நாளுக்கு இத்தனை என்று கிடைக்கும் வாய்ப்பு) செலவில்லை. கட்டுப்பாடு டர்னுக்கு ஒன்று என்பதுதான், ரவுண்டுக்கு (எல்லோரும் ஒரு தரம் ஆடி முடிக்கும் சுற்றுக்கு) ஒன்று என்று இல்லை. ஆகவே உங்கள் டர்னில் ஒன்றும் எதிரியின் டர்னில் இன்னொன்றும் இறக்கலாம். எதிரி அதை எதிர்த்து உருட்டவும் வழியில்லை. எண் பகடையின் இடத்தில் உட்காருகிறது, வழக்கமான கூட்டல் கழித்தல் அதன் மேல் வரும். இரண்டு பகடை உருட்டும் பேச்சே இல்லை என்பதால் அட்வான்டேஜ் (இரண்டு உருட்டி உயர்ந்ததை எடுப்பது), டிஸ்அட்வான்டேஜ் (தாழ்ந்ததை எடுப்பது) இரண்டும் அந்த உருட்டலில் செல்லாது. இதை நன்றாக மனதில் வையுங்கள், பின்னால் பெரிய இடத்தில் உதவும். சேதப் பகடையைத் தொட முடியாது. மேஜிக் மிசைல் மாதிரி உருட்டலே இல்லாத ஸ்பெல்களிலும் இதற்கு வேலையில்லை. பனிமூட்டத்துக்குள்ளோ இருட்டிலோ எதிரி கண்ணில் படாவிட்டால் அவன் உருட்டலை மாற்ற முடியாது. நண்பர் ஒருவர் ஆர்வமாக ஃபாக் க்ளவுட் போடப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

சரி, 9-உம் 13-உம். மேஜையில் அதிகம் வீணாவது இந்த நடு எண்கள்தான். "20 விழவில்லை, 1 விழவில்லை, இன்று ஒன்றும் இல்லை" என்று நாள் முழுக்க வைத்திருந்து தூங்கப் போய்விடுவார்கள். இரண்டு பகடையில் குறைந்தது ஒன்றாவது 5 அல்லது அதற்குக் கீழோ, 16 அல்லது அதற்கு மேலோ விழ வாய்ப்பு 75 சதவீதம். அப்படியென்றால் நான்கு நாளில் ஒரு நாள் இரண்டுமே நடுவில்தான் விழும். அந்த நாளைக் கழித்துவிட்டு இந்தப் பிரிவை ஆட முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். எட்டாம் லெவல், இன்டலிஜென்ஸ் 18. உங்கள் ஸ்பெல் டிசி, அதாவது எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண்: 8, அதோடு லெவலுக்கான தேர்ச்சி 3, அதோடு இன்டலிஜென்ஸுக்கு 4, ஆக 15. எதிரே ஒரு ஹில் ஜயன்ட் (மலை ராட்சதன்). 2014 விதிகளில் அதன் விஸ்டம் சேவ் கழித்தல் 1. பாலிமார்ஃப் (ஆளை விலங்காக மாற்றும் ஸ்பெல்) போட்டால் அது தப்பிக்கப் பகடையில் 16 வேண்டும். உங்கள் கையில் 13. வைத்தால் 12 ஆகிறது, தோற்றுவிட்டது, தவளையாகிவிட்டது. பக்கத்தில் ஸ்டோன் ஜயன்ட் (கல் ராட்சதன்) நிற்கிறது என்றால் அதன் விஸ்டம் சேவ் கூட்டல் 4, பகடையில் 11 வந்தாலே தப்பிவிடும். இங்கே 13 உதவாது, 17 ஆகித் தப்பிவிடும். ஆனால் 9 வைத்தால் 13-தான், அதுவும் தோல்வி. நீங்கள் "ஒன்றுக்கும் உதவாது" என்று நினைத்த இரண்டு எண்ணும் இரண்டு ராட்சதர்களைச் சண்டையிலிருந்து எடுக்கப் போதுமானவை. பாலிமார்ஃப் கான்சன்ட்ரேஷன் கேட்கும் (அப்படிப்பட்ட ஸ்பெல் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நீடிக்கும்) என்பதால் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தவளையாக்க முடியாது, அது வேறு விஷயம்.

இந்தக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஹில் ஜயன்ட் எப்படியும் 75 சதவீதம் தோற்கும். 13 அங்கே 25 சதவீத அபாயத்தை மட்டும்தான் நீக்குகிறது. ஸ்டோன் ஜயன்ட் பாதிக்குப் பாதி தப்பும், ஆக 9 அங்கே 50 சதவீத அபாயத்தை நீக்குகிறது. எண்ணைச் செலவழிக்கும் முன் "இது இல்லாவிட்டால் என்ன வாய்ப்பு?" என்று ஒரு நொடி யோசியுங்கள். கையில் 2 இருக்கும்போது அதை ஹில் ஜயன்ட் மேல் போடுவது வீண், அங்கே 13 போதும். எது எந்த வேலைக்குப் போதுமோ அதை அந்த வேலைக்குக் கொடுங்கள்.

தாழ்ந்த எண் விழுந்தால் சந்தோஷப்படுங்கள். ஒரே சேவில் முடிவு தெரிந்துவிடும் ஸ்பெல்களைத் தயாராக வைத்திருங்கள்: சஜஷன் (சொன்னதைச் செய்ய வைப்பது), பாலிமார்ஃப், பேனிஷ்மென்ட் (வேறு உலகத்துக்கு அனுப்புவது). ஹோல்ட் பெர்சனும் (ஆளை அசையாமல் நிறுத்துவது) நல்லதுதான், ஆனால் எதிரி ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மறுபடி சேவ் உருட்டுவான், உங்கள் எண் முதல் தடவைக்கு மட்டும்தான் காவல். உங்களுக்கு அடுத்து பாலடினும் ரோகும் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் அந்த ஒரு தடவையே போதும், பக்கத்தில் நின்று போடும் அடி பட்டாலே கிரிட்டிக்கல், சேதப் பகடை இரட்டிப்பு. யாரும் பக்கத்தில் இல்லையென்றால் பேனிஷ்மென்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு, பலர் யோசிப்பதில்லை. நண்பர் ஒருவர் 0 ஹெச்பியில் (உயிர்ப் புள்ளியில்) மயங்கிக் கிடக்கிறார். பக்கத்தில் நிற்கும் எதிரி அவரையே அடிக்கிறான். ஐந்தடி தூரத்துக்குள்ளிருந்து மயங்கியவர் மேல் அடி பட்டால் அது கிரிட்டிக்கல், டெத் சேவில் (மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு) ஒரே அடியில் இரண்டு தோல்வி. அவர் ஏற்கெனவே ஒரு தோல்வியில் இருந்தால் கதை முடிந்தது. எதிரிக்கு அந்த அடியில் அட்வான்டேஜ் வேறு. உங்கள் கையில் 3 இருக்கிறது. "அந்த அடிக்கு 3" என்கிறீர்கள். அட்வான்டேஜும் செல்லாது, அடியும் படாது. நான் டிஎம்மாக இருந்த மேஜையில் இது நடந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். எந்த ஃபயர்பாலுக்கும் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

உயர்ந்த எண்ணை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள். 20 கிடைத்தால் அதை அதிகம் பெருக்கக்கூடியவருக்குக் கொடுங்கள். ஏழாம் லெவல் ரோகின் ஸ்னீக் அட்டாக் 4 ஆறுமுகப் பகடை, கிரிட்டிக்கலில் 8. டெத் சேவில் 20 வைத்தால் நண்பர் 1 ஹெச்பியோடு கண் திறப்பார். 17, 18 போன்றவை திறன் சோதனைக்கு அருமை. தட்டுக் கவசம் போட்ட பாலடின் பதுங்கிப் போக வேண்டியிருக்கும், அவருக்கு டிஸ்அட்வான்டேஜ். உங்கள் எண் வந்தால் டிஸ்அட்வான்டேஜ் செல்லாது, பூனை மாதிரிப் போய்விடுவார். இனிஷியேட்டிவும் (சண்டையில் யார் முதலில் என்று பார்க்கும் உருட்டல்) டெக்ஸ்டெரிட்டி சோதனைதான், அதற்கும் வைக்கலாம். ஆனால் முதல் அடி நிஜமாகவே சண்டையைத் தீர்மானிக்கும் என்றால் மட்டும்.

இனி ஆறாம் லெவல். எக்ஸ்பர்ட் டிவினேஷன் என்ற திறமை வருகிறது. இரண்டாம் லெவலோ அதற்கு மேலோ உள்ள ஆரூட ஸ்பெல்லை ஸ்லாட் செலவழித்துப் போட்டால், செலவான ஸ்லாட்களில் அதைவிடக் கீழ் லெவலில் ஒன்று திரும்பக் கிடைக்கும். ஐந்தாம் லெவல் ஸ்லாட் வரைதான். நாளுக்கு இத்தனை தடவை என்ற கட்டுப்பாடே இல்லை. டிடெக்ட் தாட்ஸ் (எண்ணங்களைப் படிப்பது) போட்டால் முதல் லெவல் ஸ்லாட் ஒன்று வரும். ஆர்க்கேன் ஐ (வேவு பார்க்கும் மந்திரக் கண்) போட்டால் மூன்றாம் லெவல் ஸ்லாட் ஒன்று, அதாவது ஒரு ஃபயர்பால், திரும்ப வரும்.

புதியவர்கள் இடறும் இடம் ஒன்று: ஏற்கெனவே செலவான ஸ்லாட்தான் திரும்பும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஆர்க்கேன் ஐ போட்டுக் குகையைப் பார்த்தால் ஒன்றும் திரும்பாது, ஏனென்றால் இன்னும் எதுவும் செலவாகவில்லை. முதல் சண்டை முடிந்து இரண்டாவது கதவுக்கு முன்னால் போடுங்கள். அப்போது வேவும் ஆச்சு, ஃபயர்பாலும் ஆச்சு. ரிச்சுவலாக, அதாவது நிதானமாகச் சடங்கு போலச் செய்து, போட்டால் ஸ்லாட் செலவில்லை, அதனால் திரும்பக் கிடைப்பதும் இல்லை. சண்டைக்கு நடுவே போட ஒன்று வேண்டுமென்றால் மைண்ட் ஸ்பைக் இருக்கிறது. 2017-இல் வந்த துணைப் புத்தகத்து ஸ்பெல். இரண்டாம் லெவல், 3 எட்டுமுகப் பகடை சேதம், போட்டவுடன் முதல் லெவல் ஸ்லாட் ஒன்று திரும்பும். ஷீல்ட் என்ற தற்காப்பு ஸ்பெல்லுக்கு ஆச்சு.

இப்போது இரண்டு பாதியையும் சேர்த்துப் பாருங்கள். போர்ட்டென்ட் எண் எங்கே பொருந்தும் என்று தெரிய எதிரி யார், அவனுக்கு எந்தச் சேவ் பலவீனம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆர்க்கேன் ஐ, கிளேர்வாயன்ஸ், டிடெக்ட் தாட்ஸ், ஸ்க்ரையிங் எல்லாம். சாதாரண மந்திரவாதிக்கு இவை விலை உயர்ந்தவை. நான்காம் லெவல் ஸ்லாட்டைக் கண்ணுக்குக் கொடுப்பதா, பாலிமார்ஃபுக்குக் கொடுப்பதா என்று திண்டாடுவார். உங்களுக்கு அந்த விலையில் பெரும்பங்கு திரும்பி வருகிறது. அதனால் நீங்கள் பார்த்துவிட்டு உள்ளே போகிறீர்கள். உள்ளே கல் ராட்சதன் ஒன்று, மலை ராட்சதன் ஒன்று என்று தெரிந்ததும் 9 யாருக்கு, 13 யாருக்கு என்று வாசலிலேயே முடிவாகிவிடுகிறது. போர்ட்டென்ட்டை மட்டும் ஆடுகிறவர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தருணத்துக்காகக் காத்திருப்பார். பிரிவு முழுவதையும் ஆடுகிறவர் தருணத்தைத் தேடிப் போவார்.

இதிலிருந்தே ஸ்பெல் தேர்வும் வந்துவிடுகிறது. பாதி ஆரூட ஸ்பெல்கள், பாதி மற்றப் பிரிவுகளிலிருந்து ஒரே சேவில் ஆளை முடக்கும் ஸ்பெல்கள். ஆரூடப் பிரிவில் அடிக்கிற ஸ்பெல் அதிகம் இல்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை, காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ் மூன்றும் முதல் லெவலிலேயே உங்கள் மந்திரப் புத்தகத்தில் இருக்கட்டும். ரிச்சுவல் என்பதால் தயார் செய்யாமலே போடலாம். புதிதாகக் கிடைக்கும் ஆரூட ஸ்பெல்களைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள உங்களுக்குப் பாதிச் செலவு, பாதி நேரம்தான் ஆகும். லெவல் ஒன்றுக்கு 25 பொற்காசு, ஒரு மணி நேரம்.

மிஞ்சிய எண்ணுக்கு எனக்குப் பிடித்த பயன் ஒன்பதாம் லெவலில் வருகிறது. காண்டாக்ட் அதர் பிளேன் என்ற ரிச்சுவலில் வேற்றுலகச் சக்தி ஒன்றிடம் ஐந்து கேள்வி கேட்கலாம். ஆபத்து என்னவென்றால், டிசி 15 இன்டலிஜென்ஸ் சேவில் தோற்றால் 6 ஆறுமுகப் பகடை சேதம், அதோடு நீண்ட ஓய்வு வரை புத்தி பேதலித்துவிடும். ஒன்பதாம் லெவல் மந்திரவாதிக்கு இன்டலிஜென்ஸ் 18 இருந்தால் அந்தச் சேவில் கூட்டல் 8. நாள் முடிவில் கையில் ஒரு 9 மீதி இருக்கிறதா? வைத்தால் 17, ஆபத்தே இல்லை. தூங்கினால் காணாமல் போகப் போகிற எண், ஸ்லாட் செலவும் இல்லை, நாளைய திட்டத்துக்கு ஐந்து பதில்.

பெரிய வில்லன்கள் விஷயத்தில் கவனமாக இருங்கள். பலருக்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உண்டு. சேவில் தோற்றாலும் "ஜெயித்தேன்" என்று சொல்லிவிட முடியும், பெரும்பாலும் நாளுக்கு மூன்று தடவை. அவர்கள் மேல் முதல் ரவுண்டிலேயே உங்கள் 2-ஐப் போட்டால் மூன்றில் ஒன்று குறையும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கவசம் சேவிங் த்ரோவுக்கு மட்டும்தான். வில்லனின் தாக்குதலையும் திறன் சோதனையையும் அது காப்பாற்றாது. எதிரியைப் புதிர்ப்பாதையில் அடைக்கும் எட்டாம் லெவல் மேஸ் ஸ்பெல்லுக்கு 2014 விதியில் சேவே கிடையாது. வெளியே வர டிசி 20 இன்டலிஜென்ஸ் சோதனை ஜெயிக்க வேண்டும். உங்கள் பெரிய ஸ்பெல்லை எதிரி மந்திரவாதி மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் கவுன்டர்ஸ்பெல் போட்டுத் தடுக்க வந்தால் அவர் உருட்டுவதும் திறன் சோதனைதான், அங்கே வையுங்கள் 2-ஐ. மேஜிக் ரெசிஸ்டன்ஸ் உள்ளவர்களைப் பற்றிப் பயமே வேண்டாம். அது ஸ்பெல்லுக்கு எதிரான சேவில் அட்வான்டேஜ் தருகிறது, உங்கள் எண் வந்தால் அட்வான்டேஜ் இல்லை. மற்ற மந்திரவாதிகள் முட்டி மோதும் அந்த எதிரிகள்தான் உங்களுக்கு லாபமானவர்கள்.

பத்தாம் லெவலின் தேர்ட் ஐ இருட்டில் பார்ப்பது, எந்த மொழியும் படிப்பது மாதிரி வசதிகளில் ஒன்றைத் தரும், நல்லது, அவ்வளவே. பதினான்கில் போர்ட்டென்ட் மூன்று பகடை ஆகிறது. மூன்றும் நடுவிலேயே விழும் நாள் எட்டில் ஒன்றுதான். 2024 திருத்தத்தில் ஆடுகிறீர்கள் என்றால் பிரிவு மூன்றாம் லெவலில்தான் வரும், ஆரூட ஸ்பெல்கள் சில இலவசமாகப் புத்தகத்தில் சேரும், தேர்ட் ஐ போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டது. கவுன்டர்ஸ்பெல்லும் மாறியிருக்கிறது. இப்போது யாருடைய ஸ்பெல் தடுக்கப்படுகிறதோ அவர் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும், அதனால் நீங்கள் தடுக்கும்போது தாழ்ந்த எண் வேலை செய்யும். போர்ட்டென்ட் மாறவில்லை. பால்டர்ஸ் கேட் 3 (இதே விதிகளை ஒட்டிய வீடியோ கேம்) ஆடிவிட்டு வருகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள்: அங்கே இது ரியாக்‌ஷனாக வேலை செய்கிறது. மேஜையில் அப்படி இல்லை.

அதனால்தான் முதல் அமர்வுக்கு முன்பே டிஎம்மிடம் பேசிவிடச் சொல்கிறேன். உருட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும் என்பது விதி, ஆனால் திரைக்குப் பின்னால் மளமளவென்று உருட்டுகிற டிஎம்மிடம் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உங்கள் ஸ்பெல்லுக்கு எதிரான சேவ் என்றால் ஸ்பெல் பெயரைச் சொல்லும்போதே எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "பேனிஷ்மென்ட், சேவுக்கு 4." எதிரியின் முக்கியமான அடிகளுக்கு முன் "இவன் இவரை அடிக்கிறான்" என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தும்படி டிஎம்மைக் கேளுங்கள், ஒவ்வொரு அடிக்கும் வேண்டாம், யாராவது விழுந்து கிடக்கும்போது மட்டும் போதும். இரண்டு எண்களையும் பெரிதாக ஒரு சீட்டில் எழுதி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேஜை நடுவில் வைத்துவிடுங்கள். உங்களுக்குத் தோன்றாத தருணம் ரோகுக்குத் தோன்றும், "அந்த 18-ஐ எனக்குத் தாங்களேன்" என்று அவரே கேட்பார்.